தண்ணீர் குடிக்கும் ஓடு

ஓடு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். நீங்கள் எப்போதாவது வீடு கட்டினால் அப்படிச் செய்யாதீர்கள் ஐயா. ஓட்டைக் கையில் தூக்கி, விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். "நல்லா வெந்த ஓடு கணீர்னு கேக்கும் சார். மொத்துன்னு கேட்டா அது தண்ணி குடிக்கிற ஓடு. மழைக்கு மழை கனம் ஏறும்" என்று ஓட்டுக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். நான் முப்பது வருஷம் ஒரு கிடங்கில் சரக்கு சோதித்தவன். பெட்டியைத் தடவியே உள்ளே உடைந்திருப்பதைச் சொல்லிவிடுவேன். எனக்கு இது சட்டென்று பிடிபட்டது.

தோட்டத்தில் அந்த மர அறையைக் கட்டியது என் தம்பிக்காக. அவன் கடிகாரம் பழுது பார்ப்பவன். குடும்பம் பிரிந்தபின் எங்களோடு வந்து தங்கினான். அதே மாதம்தான் நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கினேன். வேலைக்குப் போகிற ஆளின் கண்ணில் படாதது, வீட்டில் இருக்கிற ஆளின் கண்ணில் பட்டுவிடும். பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவும் தொட்டியில் இரண்டு ஈரத் தம்ளர்கள் இருந்தன. நான் எதுவும் குடித்திருக்கவில்லை. பத்து வருஷம் ஒழுங்காக ஓடிய சுவர்க் கடிகாரம், அவன் வந்த பிறகு வாரம் ஒருமுறை பழுதானது. அவன் எதையாவது சொன்னால் என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். இருபத்தாறு வருஷத்தில் என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் இல்லை என்பதும் உண்மைதான். இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

கேட்டுவிடலாமே என்பீர்கள். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். சரக்கு அனுப்புகிற எவனும் உடைந்திருக்கிறது என்று எழுதி அனுப்புவதில்லை.

மரச் சட்டத்தை நிறுத்திய தச்சர் நல்ல வேலைக்காரர். போகும்போது இரண்டு விஷயம் சொன்னார். "இந்தச் சட்டத்துக்கு லேசான ஓடுதான் சார் தாங்கும். அப்புறம், மரம் காயக் காயச் சுருங்கும், போல்ட் எல்லாம் தளரும். ரெண்டு மாசத்துல வந்து முறுக்கிக் கொடுத்துடறேன்."

அவர் இரண்டையும் சொன்னது என்னிடம் மட்டும்தான். "உங்களுக்கு எதுக்கு அலைச்சல், நானே பாத்துக்கறேன்" என்றேன். ஒரு வேலை மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம்.

அடுத்த இரண்டு நாளும் ஓட்டுக் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். இருந்ததிலேயே தடித்த ரகத்தை இறக்கச் சொல்லி, ஒன்று விடாமல் தட்டினேன். கணீர் என்றது இடப்பக்கம், மொத்தென்றது வலப்பக்கம். மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஒரு ஓட்டையும் விட மாட்டேங்கறீங்களே, தம்பி மேல இவ்வளவு பாசமா?" என்றாள். அன்றைக்கு அவள் முகம் நன்றாகத்தான் இருந்தது.

வண்டியில் ஏற்றும்போது கடைக்காரர் பதறிப்போனார். "சார், பக்கம் மாறிப்போச்சு."

"இல்லை. வலப்பக்கம்தான் நிறம் சீரா இருக்கு."

அவர் ஆட்களிடம் அதையே ஏற்றச் சொல்லிவிட்டார். நிறத்தைப் பார்த்து மயங்குகிறவர்களில் நானும் ஒருவன் என்று நினைத்திருப்பார்.

கூரை வேய்ந்து இரண்டு மாதம் வெயில். எனக்கு அவசரமில்லை. அதற்குள் அவர்கள் பேச்சும் மாறியது. தம்பி அடிக்கடி அண்ணாந்து விட்டத்தைப் பார்ப்பான், பிறகு என் மனைவியைப் பார்ப்பான். "அண்ணிகிட்ட ஒரு விஷயம்" என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போவான். நான் உள்ளே நுழைந்தால் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை, தம்பி குளிக்கப் போயிருந்தபோது திருகுச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். போல்டுகளை முறுக்க அல்ல. விட்டத்தின் இரு முனையிலும் இருந்த நட்டுகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உங்கள் மேஜையில் இருப்பவை அவைதான்.

பிறகு, வெளியே வேலை இருக்கிறது, வர மூன்று மணி நேரமாகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போனது பின்வேலிக்கு அப்பால் இருக்கும் வண்டிக் கொட்டகைக்கு. தம்பி மட்டும் வருவான் என்றுதான் எதிர்பார்த்தேன். கால் மணி நேரத்தில் இருவரும் ஒரே குடையில் ஓடி வந்தார்கள். அவன் தோளில் துணி சுற்றிய நீளமான ஏதோ இருந்தது; பாய் என்று நினைத்தேன். மழை சாய்வாக அடித்து, வாசற்படி வரை தண்ணீர் தெறித்தது. அவள் கதவைச் சாத்தினாள்.

ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். நான் கொடுக்கவில்லை. உள்ளே சுத்தியல் சத்தம் இரண்டு முறை கேட்டது. மூன்றாவது அடியில் கூரை இறங்கியது.

ஓடிப்போனேன். உடைந்த ஓடுகள் உள்ளே கறுத்து ஊறியிருந்தன. ஒன்றுகூடத் தவறாகப் பொறுக்கவில்லை. தம்பியின் ஒரு கை மட்டும் தெரிந்தது. அவள் முனகிக்கொண்டிருந்தாள்.

தம்பியைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் பிழைத்துவிட்டாள் என்கிறீர்கள், சந்தோஷம். ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதையும் நீங்கள் படித்துக் காட்டினீர்கள். துணியில் சுற்றியிருந்தது பாய் அல்ல, விட்டத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரத்தூண். ஓடு கனம் என்று தம்பி எப்போதோ கண்டுபிடித்துவிட்டானாம். "அண்ணன் ஒவ்வொண்ணாத் தட்டிப் பொறுக்கினது அண்ணி, சொன்னா மனசு உடைஞ்சிடுவாரு. அவர் வெளிய போறப்ப வெச்சிடலாம்" என்றானாம். இரண்டு மாதம் குசுகுசுத்தது இதைத்தானாம்.

அதை நான் மனசுக்குள் பலமுறை தட்டிப் பார்த்தேன் ஐயா. கணீரென்றுதான் கேட்கிறது. ஆனால் முப்பது வருஷம் சரக்கு சோதித்தவன் நான். நீங்கள் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். தூண் வைக்கத்தான் போனார்கள் என்றால், கதவை எதற்குச் சாத்தினாள்?