கசியாத கஸியா

தலைமை தாங்கும் முதியவர் ஸியான் அவர்களே! விரிப்பில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கூடாரத் திரைக்கு அப்பால் விம்முகிற தாய்மார்களே! நம் குடியின் கூவல்காரர், மலையையே பதில் பேச வைத்த பெருங்குரலர் மக்லூஃப் அவர்களுக்கு இரங்கல் சொல்ல என்னை நிறுத்தியிருக்கிறீர்கள்.

"என் கழுதை வாலுல மணி கட்டுனவனையெல்லாம் பேச விடுறீங்களே!" என்கிறார் மெஸ்ஊதா அத்தை. கட்டினேன் அத்தை. ஆனால் மக்லூஃபுக்கு அடுத்த பெரிய தொண்டை இந்தக் குடியில் என்னுடையதுதானே?

அவர் தொழில் என்ன? ஒரே ஒரு சொல்! பாய வருபவர்கள் கண்ணில் பட்டால் குன்றின்மேல் நின்று "கஸியா!" என்று கூவுவார். நாடிப் போவது என்பது அதன் வேர். அடுத்த குடியின் ஒட்டகத்தை நாடிப்போய், எதிர்பாராத வேளையில் பாய்வது. நாம் பாயவில்லையா? நம்மேல் பாயவில்லையா? ஆனாலும் அதற்கொரு முறை இருந்தது. கால்நடையை ஓட்டுவார்கள், தானியக் குழியைத் தொடமாட்டார்கள். மரத்தை வெட்டமாட்டார்கள். அந்தக் குடியில் பெண்ணெடுத்த யாராவது ஒரு மருமகன் வாய்வழியாகச் செய்தியும் முன்பே வந்துவிடும். கசியாத கஸியா உண்டா?

போன சந்தையில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் நம் மலையைக் காட்டி அந்தச் சொல்லைச் சொல்லக் கேட்டார் மக்லூஃப். ரகரத்தைத் தொண்டையில் கொப்பளிப்பவர்கள் அவர்கள். 'ரஸியா' என்றாலும் காதில் விழுவது நம் கஸியாதான்! சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"டேய் ஜெல்லூல், நம்ம சொல்லையே ஓட்டிட்டுப் போயிட்டானுங்கடா!"

"விடு மாமா, அதுக்குத் தீனியாவது மிச்சம்."

"சொல்லு நம்மளோடதுன்னா முறையும் நம்மளோடதுதானே? ஆடு, ஒட்டகத்தை மட்டும் மலையேத்துவோம்."

நாமும் சிரித்தோம். கால்நடைகளை ஏற்றினோம். குழிகளை அப்படியே விட்டுவிட்டோம்.

வந்தார்கள். வெறுங்கையோடு எதிரே போய் நின்றார் அந்த மனிதர். மெஸ்ஊதா அத்தை பாறை மறைவிலிருந்து கேட்டிருக்கிறார்.

"ஐயா, குழியைத் தொடாதீங்க. அது பொம்பளைங்க, பிள்ளைங்க பங்கு. கஸியாவுக்கு அதுதான் முறை."

அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளன் சிரித்தானாம். "அது உங்க கஸியா, பெரியவரே. இது இவங்களோடது."

அவ்வளவுதான். குண்டு பாய்ந்தது. ஈட்டியால் மண்ணைக் குத்திக் குத்திக் குழிகளைத் தேடினார்கள். வாற்கோதுமை எரிந்தது. அத்திமரங்கள் சாய்ந்தன. ஆடுகள் பிழைத்தன, அவர் பிழைக்கவில்லை! சொல்லைத்தானா திருடினார்கள்? அதன் வயிற்றைக் கிழித்து வேறு பொருளையல்லவா திணித்துவிட்டார்கள்!

"நாற்பதாம் நாள் முடியட்டும், அப்புறம் கிளம்பலாம்" என்கிறார் ஸியான் அவர்கள். மன்னிக்க வேண்டும் பெரியவரே. வடசரிவில் விதைக்குழி ஒன்று இன்னும் அவர்கள் கையில் அகப்படவில்லை. அது போனால் அடுத்த ஆண்டு நமக்கு இரங்கல் சொல்ல இங்கே யார் இருப்பார்கள்?

மக்லூஃபின் பணியை நான் ஏற்கிறேன். இனி நான் கூவினால் ஆட்டைத் தேடாதீர்கள். பிள்ளையைத் தூக்குங்கள், விதையைத் தூக்குங்கள், ஓடுங்கள்! அந்தச் சொல்லுக்கு இனி இதுதான் பொருள்.

இரங்கல் உரை நீளமாக இருக்க வேண்டும், தெரியும். ஆனால் ஆற்றங்கரையைப் பாருங்கள். காலையிலிருந்து அந்தச் சிப்பாய்கள் முகாமில் எழுந்துகொண்டிருந்த அடுப்புப் புகை நின்றுவிட்டது. அடுப்பை அணைத்துக் கிளம்பிவிட்டார்கள்.

எழுந்திருங்கள். கஸியா!