கெடுக்கிற பெட்டி

ரெண்டும்தாங்க. உறவுக்காரனாவும் பேசறேன், இங்க வேலை செய்றவனாவும் பேசறேன். உறவுக்காரங்களுக்கு ரெண்டு நிமிஷம், ஊழியர்களுக்கு நாலு நிமிஷம்னு இந்த இரங்கல் கூட்டத்தைத் தொகுத்து வழங்குறவங்க கேட்டுக் கேட்டு எழுதிக்கிறாங்க. கூட்டிக்குங்க, ஆறு நிமிஷம்.

மேடையில இருக்கிற இயக்குநர் அவர்களே, பக்கத்துல சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கிற தரப்பிரிவுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில இருக்கிற என் அக்கா, பின்னாடி பிஸ்கட் தட்டை விட்டு நகராம நிக்கிற சக ஊழியர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இறந்துபோனவர் என் அக்கா வீட்டுக்காரர். எனக்கு மாமா. உங்களுக்கு மூத்த குரல் பொறியாளர். அந்தப் பட்டத்தை இன்னிக்கு நாலு பேர் மைக்ல சொன்னீங்க. உயிரோட இருந்தப்போ யாராவது சொன்னீங்களா? 'பஸ் சார்'னுதானே சொன்னீங்க? அதுவும் அவர் முதுகுக்குப் பின்னாடி. மேடையில மாட்டியிருக்கிற போட்டோவைப் பாருங்க. ஆபீஸ் அடையாள அட்டையில இருந்து எடுத்துப் பெருசாக்கினது. கழுத்துல நாடா தெரியுது. பன்னெண்டு வருஷத்துல அவரை இந்த ஆபீஸ் எடுத்த ஒரே போட்டோ அதுதான்.

அவர் என்ன வேலை செஞ்சார்னு வந்திருக்கிற சொந்தக்காரங்களுக்குத் தெரியாது. சொல்றேன். நெட் வழியா போன் பேசினா பேச்சு முழுசா போகாது. செகண்டுக்கு அம்பது துண்டா வெட்டி, ஒவ்வொண்ணையும் தனித்தனி பாக்கெட்டா அனுப்புவாங்க. சிலது வழியில தொலைஞ்சிடும். ஒண்ணு தொலைஞ்சா பரவால்ல. அதுக்கு முன்னாடி வந்ததைக் கொஞ்சம் இழுத்துவிட்டு ஓட்டையை அடைச்சிடலாம், காதுக்குத் தெரியாது. பதினஞ்சு பாக்கெட் சேர்ந்தாப்புல தொலைஞ்சா? எதை இழுப்பீங்க? எவ்வளவு இழுப்பீங்க? டப்பாக்குள்ள இருந்து ரோபோ முனகுற மாதிரி கேட்கும், அப்புறம் ஒண்ணுமே கேட்காது. அந்த ஓட்டைதான் மாமாவோட பன்னெண்டு வருஷம்.

மூணாவது மாடி டெஸ்ட் ரூம்ல ஒரு பெட்டி இருக்கு. செருப்பு டப்பா அளவு. டெஸ்ட் பண்ற போன் கால் எல்லாம் அது வழியாத்தான் போகும். வேணும்னே பாக்கெட்டைத் தூக்கி எறியறதுதான் அதோட வேலை. கெடுக்கிற பெட்டினு பேரு. இருபதுக்கு ஒண்ணு, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி, மரியாதையா ஒவ்வொண்ணா எறியும். வெளிய எந்த லைன் அவ்வளவு மரியாதையா கெடுது? மாமா மீட்டிங்ல அதைத்தான் கேட்டார். யாராவது பதில் சொன்னீங்களா?

சொல்லல. அதனால பஸ் ஏறினார். தினமும் காலையில, சாயங்காலம், ஜன்னலோர சீட்டு, காதுல ஹெட்போன். போன்ல ஒரு காலைப் போட்டுவிட்டு, எந்தெந்தப் பாக்கெட் எங்க தொலையுதுன்னு லிஸ்ட் எடுப்பார். பத்து செகண்டுக்கு ஒண்ணுமே தொலையாது. பாலத்துக்கு அடியில பஸ் நுழைஞ்சதும் இருபது மொத்தமா போகும். அப்படி இருநூத்திப் பன்னெண்டு லிஸ்ட். பல நாள் அந்தக் கால்ல மறுமுனையில இருந்தது அக்காதான். "ஊர்ல எல்லாப் புருஷனும் பொண்டாட்டி பேசறதைக் காதுலயே வாங்க மாட்டாங்க, இவர் வாங்காததை எண்ணி வேற வைக்கிறார்"னு சொல்லுவா. ஞாபகம் இருக்காக்கா?

அந்த லிஸ்ட்டை வெச்சுத்தான் வழி கண்டுபிடிச்சார். லைன் கெட ஆரம்பிச்சதும், ஒவ்வொரு பாக்கெட்டோட முதுகிலயும் அரை செகண்டுக்கு முன்னாடி போனதோட சுருக்கத்தைக் கட்டிவிட்டார். ஒண்ணு தொலைஞ்சா அதோட சுருக்கம் பின்னாடி வந்து சேர்ந்திடும். "பக்கத்துல பக்கத்துல கட்டினா ரெண்டும் சேர்ந்தே தொலைஞ்சிடும்டா, தள்ளிக் கட்டணும்"னு எங்கிட்ட சாப்பாட்டு மேஜையில வரைஞ்சு காட்டினார். பேச்சு அரை செகண்ட் லேட்டா வரும். ஆனா வரும்.

தரப்பிரிவுத் தலைவர் என்ன சொன்னார்? "லேட்டா? லேட் ஆனா ஸ்கோர் குறையுமே." அவருக்கு நாங்க வெச்ச பேரு ஸ்கோர் சார். சிரிக்காதீங்க, உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதானே. ரூம்ல ஆறு பேரை உட்கார வெச்சு, கால் எவ்வளவு தெளிவா இருக்குன்னு அஞ்சுக்கு மார்க் போடச் சொல்லுவார். அதைத் தவிர அவருக்கு உலகத்துல வேற எதுவும் கேட்காது.

போன வருஷம் அந்த ஸ்கோர் திடீர்னு மூணு புள்ளி ஒண்ணுல இருந்து நாலு புள்ளி மூணுக்கு ஏறிச்சு. ஞாபகம் இருக்கா? கேக் வெட்டினீங்க. கேடயம் கொடுத்தீங்க. ஸ்கோர் சார் தன்னோட டீம் அற்புதமா ஓட்டையை அடைச்சிட்டதா மேடையில பேசினார். மூணு மாசம் பேசினார்.

ஒரு நாள் மாமா போய்ப் பெட்டி மேல கை வெச்சார். ஜில்லுன்னு இருந்துச்சு. மூணு மாசமா அதுக்கு கரண்டே இல்ல. கரண்ட் இல்லேன்னா அது எதையும் எறியாது, காலை அப்படியே விட்டுடும். நீங்க கேடயம் கொடுத்தது ஒரு வயருக்கு. இத்தனை பொறியாளர், இத்தனை டிகிரி, ஒருத்தர்கூட பெட்டியில விளக்கு எரியுதான்னு குனிஞ்சு பார்க்கல.

மாமா பிளக்கைச் சொருகி மறுபடி டெஸ்ட் பண்ணினார். ரெண்டு புள்ளி ஒம்பது. மீட்டிங்ல காட்டினார். "இப்போ எதுக்கு சார் இதைக் கிளறுறீங்க? முதல்ல யாரு கழட்டினதுன்னு சொல்லுங்க"ன்னார் ஸ்கோர் சார். "நானாத்தான் இருக்கும்"னார் மாமா. அவ்வளவுதான். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு போச்சு. மேஜையைத் தூக்கி ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல போட்டாங்க.

உட்கார்றேன் அக்கா. "டேய் போதும்டா"ங்கிற, கேட்குது. இன்னும் ஒண்ணு சொல்லணும்.

கழட்டினது நான்.

டெஸ்ட் நாற்காலி பக்கத்துல ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். என் போன்ல சார்ஜ் இல்ல. பெட்டியைக் கழட்டிட்டு சார்ஜரைப் போட்டேன், மறந்துட்டேன். அந்த சார்ஜர் என்னோடதுன்னு மாமாவுக்குத் தெரியும். காலேஜை ரெண்டாவது வருஷத்துல விட்டவன், மாமா சொன்னதால இங்க வேலை கிடைச்சவன். என் பேரைச் சொன்னா அன்னிக்கே என்னை அனுப்பியிருப்பாங்க. வீட்டுக்கு வர்ற வழியில பஸ்ஸில கேட்டேன், ஏன் மாமா சொல்லலன்னு. "கழட்டினது மூணு செகண்டு. பார்க்காம இருந்தது மூணு மாசம். அவங்க எதைக் கேட்கணுமோ அதைக் கேட்கட்டும், அப்போ சொல்றேன்"னார். கேட்டீங்களா? கடைசி வரைக்கும் கேட்கல. நானும் வாயைத் திறக்கல. உங்களைத் திட்டற அளவுக்கு நான் யோக்கியன் இல்ல, தெரியும். இருந்தாலும் திட்டறேன். அக்கா, இப்படிப் பார்க்காத. வீட்டுக்கு வந்து அடி.

பத்து நாளுக்கு முன்னாடி பஸ்ஸிலயே மாமாவுக்கு இதயம் நின்னுடுச்சு. தூங்கறார்னு நினைச்சிருக்காங்க. பஸ் டிப்போக்குள்ள போய் நின்ன பிறகும் போன் லிஸ்ட் எழுதிட்டே இருந்திருக்கு. இருநூத்திப் பதிமூணாவது.

இப்போ இங்க ஸ்கோர் சார் அறிவிச்சார். நாலு புள்ளி மூணு ஸ்கோர் வாங்கின அவரோட சாப்ட்வேர் வர்ஷன் திங்கட்கிழமை ஆம்புலன்ஸ் கால் சென்டருக்குப் போகுதாம், அதுக்கு மாமா பேரை வைக்கப் போறாராம். நீங்களும் கை தட்டினீங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடறவங்க உங்க டெஸ்ட் ரூம்ல உட்கார்ந்துதானா கூப்பிடுவாங்க? ஓடிட்டே பேசுவாங்க. பாலத்துக்கு அடியில நின்னு பேசுவாங்க. காலையில போய்ப் பார்த்தேன். பெட்டியோட வயர் மறுபடியும் கழட்டிக் கிடக்குது. இந்தத் தடவை அது நான் இல்ல சார்.

அவரோட பணியைத் தொடர்வோம்னு ஆளாளுக்கு உறுதி எடுத்தீங்க. நான் அப்படி எதுவும் எடுக்கல. அஞ்சு மணிக்குக் கடைசி டெஸ்ட். கால் சென்டர்ல இருந்து ரெண்டு அம்மா வந்து கீழ ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்காங்க, காதால கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. மாமாவோட அந்தக் கடைசி பஸ் லிஸ்ட்டை மெமரி கார்டுல ஏத்திப் பெட்டியில சொருகி வெச்சிருக்கேன். அந்த பஸ்ல எது எது தொலைஞ்சுதோ அப்படியே பெட்டி எறியும். ஸ்கோர் சார் வர்ஷனையும் கேட்கட்டும், மாமா வர்ஷனையும் கேட்கட்டும். பிளக் மட்டும்தான் பாக்கி.

மணி நாலு அம்பத்திரண்டு. லிஃப்ட்டை நம்ப முடியாது. என் போன்ல நாலு பர்சென்ட்தான் இருக்கு, அணைஞ்சா அணையட்டும். நான் போகணும்.