தார்ப்பாயின் வலது பக்கம்

முழங்கால் குத்துகிறது ஐயா, காலைக் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன். இந்த நாற்காலிக்கு அது மடங்க மாட்டேன் என்கிறது. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் அப்பா சிமென்ட் குடோனில் மூட்டை தூக்கியவர். வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு போர்வை, ஒரு சீப்பு. 'இது என்னோடது' என்று சொல்லிக்கொள்ள யாரிடமும் எதுவும் இருந்ததில்லை, அப்பாவின் இருமலைத் தவிர. அதுகூட ராத்திரியில் எல்லோருக்கும் பொதுதான். மூட்டை தூக்கும் இடத்தில் ஒருவன் தோளை நழுவவிட்டால் அந்தப் பாரம் அடுத்தவன் கழுத்தில் இறங்கும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

அதனால்தான் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளை மலைக்கு நடத்திக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னிடம் வந்ததும் ஒரு முறை வைத்தேன். கிளம்பும் முன் கூடத்தில் தார்ப்பாயை விரிப்போம். எல்லோரும் பையைக் கவிழ்க்க வேண்டும். இடது பக்கம் பொதுச் சாமான். கூடாரம், அடுப்பு, கயிறு, பெரிய குண்டான், முதலுதவிப் பெட்டி எல்லாம் அங்கே போகும். அதை முறை வைத்துத் தூக்குவோம். வலது பக்கம் தனிச் சாமான், அவரவர் பாடு. அந்த வலது பக்கத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஊதினால் தலையணை ஆகிற பை. கொசுவுக்கு ஒரு களிம்பு, வெயிலுக்கு ஒரு களிம்பு, இரண்டையும் துடைக்க வாசனைத் தாள். மூன்று நாள் நடைக்கு வீட்டையே காலி செய்துகொண்டு வருவார்கள். குண்டானைத் தூக்கச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

விசிலுக்குப் பதினேழு வயது. மேடேறினால் நெஞ்சில் கீச்சென்று சத்தம் வரும், அதனால் அந்தப் பேர். வைத்தது நான்தான், பாசமாகத்தான். அவள் அம்மா தையல்காரி. மகளின் பை வாரில், தோளுக்குக் கீழே, இன்ஹேலர் வைக்க நீலத் துணியில் சின்னதாக ஒரு பாக்கெட் தைத்திருந்தார். கிளம்பும்போது அதைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, இது எப்பவும் அவ கைக்கு எட்டற மாதிரி இருக்கணும். மத்தது எதை வேணா பங்கு போட்டுக்கங்க."

"நான் பாத்துக்கறேன்க்கா. நம்ம வீட்டுப் பொண்ணு" என்றேன்.

முதல் நாள் ஒரு இறக்கத்தில் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சொல்லவில்லை. மூட்டை தூக்கியவர் மகன் நொண்டினால் பிள்ளைகள் வாய்க்குள் சிரிக்கும். விசில் மட்டும் கவனித்துவிட்டு, தன் பையிலிருந்து எலாஸ்டிக் வைத்துத் தைத்த முழங்கால் பட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். அதே நீலத் துணி.

"போட்டுக்கங்கண்ணே. எங்கம்மா தச்சது."

"உனக்கு வேண்டாமா?"

"எனக்கு மேலதான் ரிப்பேர், முட்டி நல்லாருக்கு. எறங்கினதும் தந்துடுங்க. இல்லன்னா எங்கம்மா உங்களையும் சேத்துத் தச்சிடும்."

நல்ல பட்டை. கச்சிதமாகப் பிடித்தது.

மறுநாள் காலை குண்டான் அவள் முறை. நெஞ்சைத் தடவிக்கொண்டு, "இன்னிக்கு மட்டும் வேண்டாம்ணே, இறுக்கமா இருக்கு. கயிறு வேணா எடுத்துக்கறேன்" என்றாள். ஜிம் என்று நாங்கள் கூப்பிடும் பையன், புஜத்தை மட்டும் வளர்த்து வைத்திருப்பவன், "குடு தாயே" என்று குண்டானை வாங்கி மாட்டிக்கொண்டான். எல்லோருக்கும் சிரிப்பு. நான் வைத்த முறை, அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது.

நான் குரலை உயர்த்தவில்லை. அவள் பை வாரிலிருந்த பாக்கெட்டைத் திறந்து, இன்ஹேலரை எடுத்து முதலுதவிப் பெட்டியில் வைத்தேன்.

"அண்ணே, அது என்னோடது."

"மருந்து பொதுச் சாமான்மா. பொதுச் சாமானை யாரோ தூக்கறாங்கன்னு உனக்கும் தெரியணும்ல. வேணும்னா கேளு, தர்றேன்."

அவள் என் முழங்காலைப் பார்த்தாள். பட்டையைத் திருப்பிக் கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால், கொடுத்த பொருள் பொதுவாகிவிடும் என்று விளக்கியிருப்பேன்.

பெட்டியை என் பையில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். மேடு பாதி ஏறியிருப்பேன். பின்னாலிருந்து ஜிம் குண்டான் லொடலொடக்க ஓடிவந்தான்.

"பெட்டியக் குடுங்கண்ணே. விசிலால முடியல."

"வேணும்னா கேளுன்னு சொன்னேனே. அவளே கேக்கட்டும்."

"பேச்சே வரலைங்கறேன், எங்க கேப்பா?"

"நெஞ்சுல சத்தம் வருதா?"

"மொதல்ல வந்துச்சு. இப்ப இல்ல."

"அப்பப் பரவாயில்ல. நீ போ, பெட்டி என் பொறுப்பு. நானே கொண்டாரேன்."

அவன் திரும்பி ஓடினான். நான் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பட்டை நழுவியிருந்தது. கழற்றி, சுருக்கம் எடுத்து, திரும்பப் போட்டுக்கொண்டேன். கீழேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது.

அவசரம் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். அப்பா அப்படித்தான் போனார். நெஞ்சில் சத்தம் வருகிறவரை காற்று போய்வருகிறது என்று அர்த்தம், சத்தம் நின்றால்தான் ஓட வேண்டும். சின்ன வயதிலேயே பக்கத்தில் படுத்துக் கற்றுக்கொண்டது. ஜிம்முக்குத் தெரியாது. அதனால்தான் பரவாயில்லை என்று அவனிடம் சொன்னேன்.

கொல்ல நினைக்கவில்லை ஐயா. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். அவள்தான் அவசரப்பட்டுவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஜிம்மின் மடியில் கிடந்தாள். அவன் குண்டானைக்கூட இன்னும் கழற்றவில்லை. சொன்ன சொல்படி இன்ஹேலரை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மருந்து வந்தது. உள்ளே இழுக்கத்தான் ஆள் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள், அழித்துத் திருத்தச் சொல்ல மாட்டேன்.

பெட்டி உங்களிடம் இருக்கிறது. என் கடிகாரத்தையும் பெல்ட்டையும் ஸ்டேஷன் வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். காலில் இருப்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. இது அவளுடைய தனிச் சாமான், தார்ப்பாயில் வலது பக்கம் இருந்தது. இறங்கியதும் தருவதாகப் பேச்சு. அந்தத் தையல்காரம்மாவுக்கு நான் இந்தப் பட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைத் தவிர அந்த வீட்டுக்கு என்னிடம் வேறு பாக்கி எதுவும் இல்லை.