அவுட்டரில் நிற்கும் மாப்பிள்ளை

— கடல்ல தண்ணி இல்லேங்கறீங்களா, சம்பந்தி?

— தண்ணி இருக்கு, ஸ்டேஷன் மாஸ்டரே. ஆழம்தான் இல்லை. அதாகப்பட்டது, இது நீர் வத்துற நேரம். கப்பலைக் கரைக்குக் கொண்டு வந்தா தரை தட்டிடும். துறைமுக அதிகாரிங்கற முறையில நான் பொறுப்பா நடந்துக்கணும்.

— உங்க பொறுப்பு என் ஜன்னல்லேருந்து நல்லாத் தெரியுது. நடுக்கடல்ல குத்துக்கல்லாட்டம் நிக்குது. மத்த படகெல்லாம் அதைச் சுத்திக்கிட்டு வந்து போகுது.

— என் கப்பல் கிடக்கட்டும். உங்க ரயில் ஏன் ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டர் சிக்னலை விட்டு நகரலை?

— தண்டவாளத்துல மாடு.

— காலையிலேருந்தா?

— மாட்டுக்கு டைம்டேபிளா தெரியும்? ரூல் என்னன்னா, அது நகர்ற வரைக்கும் நான் சிக்னல் கொடுக்கக் கூடாது.

— மாடும் இல்லை, ரூலும் இல்லை. உங்க பையன் அந்த ரயில்ல வர்றான். என் பொண்ணு இந்தக் கப்பல்ல வர்றா. முதல்ல இறங்கினவங்க இன்னொருத்தருக்காகக் காத்து நிக்கணும். அதானே உங்க மாடு?

— சரி, அப்படியே வெச்சுக்குங்க! நாங்க மாப்பிள்ளை வீடு. என் பையன் துறையில பெட்டியும் கையுமா நின்னு வழி பார்க்கறதா? பொண்ணு முதல்ல வந்து நிக்கட்டும். அவன் பின்னாடி வந்து ஜம்முனு இறங்குவான்.

— என் பொண்ணு டாக்டர். அவளுக்காகத்தான் ஆஸ்பத்திரியில ஊரே காத்துக் கிடக்கும். அவ யாருக்காகவும் காத்து நின்னதில்லை.

— சார், எக்ஸ்சேஞ்சுலேருந்து பேசறேன். குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். ரயில் கூவுது, கப்பல் ஊதுது, எனக்குக் காது ரெண்டும் போச்சு. உங்க பிளாட்ஃபாரம் முடியற இடத்துலதான் அவர் துறையே ஆரம்பிக்குது. ஜன்னலைத் திறந்து நேராப் பேசிக்கக் கூடாதா?

— யார் முதல்ல ஜன்னலைத் திறக்கறது?

— பார்த்தியாம்மா? இந்த மனுஷன்கிட்ட நான் எப்படிச் சம்பந்தம் பண்றது? போனைக்கூட நீயே ரெண்டு பக்கமும் கூப்பிட்டு இணைச்சு விட்டதாலதான் பேசறோம்.

— நானா முறுக்கிக்கறேன்? போன தடவை என் நாற்காலிக்குக் கை இருக்கு, உங்க நாற்காலிக்கு இல்லேன்னு எழுந்து போனது யாரு?

— அதுக்கு முன்னாடி, கல்யாணப் பத்திரிகையில யார் பேரு மேலே வரணும்னு அச்சாபீஸ்ல சாமியாடினது யாரு?

— சார், சார்! இப்படியே போனா கல்யாணத்தன்னிக்கு அவங்க ரெண்டு பேருக்கும் தலைக்குச் சாயம் பூச வேண்டியிருக்கும். நான் ஒரு வழி சொல்றேன். நான் மூணு வரைக்கும் எண்ணறேன். மூணுன்னதும் இவர் சிக்னல் கொடுக்கட்டும், அவர் கப்பலைக் கூப்பிடட்டும். யாரும் முன்னே இல்லை, யாரும் பின்னே இல்லை.

— நியாயமான பேச்சு. எனக்குச் சம்மதம்.

— அவருக்கு அப்புறம்தான் நான் சம்மதிச்சேன்னு இருக்கக் கூடாது. ஆனா சம்மதம்.

— ஒண்ணு... ரெண்டு... மூணு!

— கூப்பிட்டீங்களா, சம்பந்தி?

— நீங்க சிக்னல் கொடுத்தீங்களா?

— நீங்க கூப்பிடறதைப் பார்த்துட்டுக் கொடுக்கலாம்னு...

— நானும் அதுக்குத்தான் ஜன்னலோரமா நிக்கறேன்.

— நினைச்சேன். போதும் சார், ரெண்டையும் விட்டுடுங்க. உள்ளே இருக்கற ஜனங்க பாவம். உங்க பையன் அந்த ரயில்ல இல்லை.

— என்னது?

— உங்க பொண்ணும் அந்தக் கப்பல்ல இல்லை சார்.

— ஐயோ, எங்கேம்மா அவ?

— என் எதிர்ல. ஒரே பெஞ்சுல உக்காந்திருக்காங்க ரெண்டு பேரும். எக்ஸ்ட்ரா ரிசீவரை ஆளுக்கொரு காதா வெச்சு, இதுவரைக்கும் நீங்க பேசினதை எல்லாம் கேட்டுட்டாங்க. உங்க பொண்ணுக்குச் சிரிச்சுச் சிரிச்சு விக்கலே வந்துடுச்சு.

— அப்பாடா. சரி, அது இருக்கட்டும். ரெண்டு பேர்ல யார் முதல்ல வந்தது?

— ஆமாம்மா, அதை மட்டும் சொல்லிடு. எம்பொண்ணா, அவர் பையனா?

— ஒண்ணாத்தான் சார் வந்தாங்க, ஒரே பஸ்ல. வர்ற வழியில பதிவு ஆபீஸ்ல இறங்கிக் கல்யாணத்தையும் முடிச்சுட்டாங்க. இப்போ ஆசீர்வாதம் பண்ண உங்க ரெண்டு பேர்ல யார் முதல்ல வருவீங்கன்னுதான் காத்துட்டிருக்காங்க.