மடிப்புக்குள் போன இரண்டு வரி

தளராமல் தலைமை தாங்கும் தலைவர் அவர்களே, பாட்டென்றால் பசி மறக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையை விட்டுவிட்டு அரங்கத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, அடுத்தவர் பாட்டை அஞ்சாமல் பாடிய போட்டியாளர்களே, அனைவருக்கும் என் வணக்கம். என் குரல் நடுங்குகிறது. மைக் செட் தம்பி, எதையும் திருகாதீர்கள். பழுது மைக்கில் இல்லை, என்னிடம்.

கவர் பாட்டுகளைக் கண்டித்துப் பேச நான்கு பக்கம் எழுதி வந்தேன். ஒருவர் உயிரைக் கொடுத்துப் பாடியதை இன்னொருவர் ஏன் திருப்பிப் பாட வேண்டும்? மூலம் முன்னே நிற்க, நகலுக்கா நாற்காலி? சமைத்தவர் சமையலறையில் கிடக்க, பரிமாறியவருக்கா பாராட்டு? இப்படியெல்லாம் முழங்க இருந்தேன். அந்த நான்கு பக்கத்தையும் இதோ கிழிக்கிறேன். கைதட்டாதீர்கள் ஐயா, காரணத்தைக் கேளுங்கள்.

பதினோராவதாக வந்த செவிலியர் பாடியது என் பாட்டு. வேலை தேடி வீட்டைவிட்டுப் போகிறவனைப் பற்றிய பாட்டு. எழுதியவள் என் அக்கா. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பதிவு நடந்தது. தாள் சரசரத்தால் மைக்கில் விழுமே என்று, பாட்டுத் தாளை மடித்து வைத்துப் பாடினேன். இரண்டு வரி மடிப்புக்குள் போய்விட்டது. நான் கவனிக்கவே இல்லை.

அக்கா தன்னை வைத்திருந்ததே அந்த இரண்டு வரியில்தான். பாட்டு வெளிவந்ததும் கேட்டாள்: “வேணும்னே விட்டுட்டியாடா?”

எப்படி அப்படிக் கேட்கலாம் என்று எனக்குச் சுருக்கென்றது. “ஆமா, அதுக்கென்ன இப்போ?” என்றேன். என் வாய்க்கொழுப்பு! அன்று போனவள்தான். எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த வரிகள் எந்த இசைத்தட்டிலும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் நெஞ்சிலும் என் நெஞ்சிலும் மட்டுமே இருந்தன. இன்று இந்த மேடையில் கேட்டேன்:

போனவன் திரும்பி வந்தால் பூட்டாத கதவு உண்டு,
பொழுதெல்லாம் காத்திருக்கும் அக்காவின் கண்ணும் உண்டு.

தூக்கிவாரிப் போட்டது! எழுந்து நின்றேனே, பார்த்தீர்களா? பாராட்டுகிறேன் என்று நினைத்து நீங்களும் எழுந்தீர்கள். இல்லை அம்மா, உட்கார முடியாமல் எழுந்தேன்.

மேடைக்குப் பின்னால் ஓடி விசாரித்தேன். வார்டில் மருந்து கொடுக்கும்போது இந்தச் செவிலியர் என் பாட்டை முணுமுணுப்பாராம். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஓர் அம்மா கையைப் பிடித்து, “நடுவுல ரெண்டு வரி குறையுதும்மா, நீயாவது முழுசா பாடு” என்று சொல்லிக்கொடுத்தாராம். யார் விட்டது என்று மட்டும் சொல்லவே இல்லையாம். நாளைக் காலை அந்த அம்மாவுக்கு அறுவை சிகிச்சை.

நகல் என்று யாரைச் சொல்ல வந்தேன்? குறையுள்ளது என் மூலம் அல்லவா? நான் மட்டுமே பாடியிருந்தால் என் தவறே அந்தப் பாட்டாக நிலைத்திருக்குமே! இன்னொரு குரல் வந்தது. என் தவறைத் திருத்தியது. என் அக்காவை எனக்குக் காட்டியது. இனி எவர் பாட்டையும் எவரும் பாடுங்கள், பயப்படாமல் பாடுங்கள்!

மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் ஆறு மணி வரைதானாம். இப்போது ஐந்து இருபது. என்ன சொல்கிறீர்கள்? வாசலில் வண்டி இருக்கிறதா? நன்றி சகோதரரே, சாவியை எடுங்கள். தலைவர் அவர்களே, பரிசுகளை நீங்களே வழங்குங்கள். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி.

ஜன்னலோரக் கட்டிலருகே நின்று, என் பாட்டை நானே கவர் பாடப் போகிறேன். இந்த முறை கையில் தாள் கிடையாது. வணக்கம், கொஞ்சம் வழி விடுங்கள்.