லெஃப்ட் வளைவு, ரெண்டு தட்டு

இன்னும் கொஞ்சம் உள்ள குந்து செல்வம், சாரல் அடிக்குது பாரு. கரெண்டு இப்போதிக்கு வராது. காலடிப்பேட்டைக்கு மழ வந்தாலே இதே பேஜாரு.

ஞாயித்துக்கெழம ஆட்டோ ரேசுக்கு பேலன்ஸ் ஆள் வேணும்னு என்னிய கேட்ட. முடியாதுன்னுட்டேன். ஒடனே பக்தவச்சலம் ஜகா வாங்கிட்டான்னு இவன்க சிரிக்கிறான்க. சிரிங்கடா. நான் சொல்றத கேட்டுட்டு சிரிங்க.

விடிகாலம் நாலே கால் மணி… எண்ணூர் கடலோர ரோடு. ரெண்டாயிரத்து ரெண்டு, தை மாசம். ஒரு லைட்டு எரியல. சோத்துக் கை பக்கம் கடலு, கருங்கல்லு கொட்டி வெச்சிருப்பான். அலை வந்து கல்லுல மோதற சத்தம் மட்டும்… தொம்… தொம்…

அஞ்சு ஆட்டோ ஓடுச்சி அன்னிக்கி. மொத ஆட்டோ செங்குட்டுவன்து. வியாசர்பாடி, போர்டு வூடு. தெனமும் காசிமேட்டுலேர்ந்து மீன் கூடை ஏத்தி ஓட்டறவன். காக்கி சட்ட, கைமணிக்கட்டுல நீலகிரித் தைலம். ரேசுக்கு முன்னாடி தைலம் தேய்க்காம ஹேண்டில தொட மாட்டான். அவன்கிட்ட தோத்தவன் கூட அவன திட்ட மாட்டான், அப்படி ஒரு மனுசன்.

அவனுக்கு பேலன்ஸு பிராங்கிளினு. என் தோஸ்து அருள்நாதன் கீறான்ல, ராயபுரம், அவன் தங்கச்சி ஜானட்டோட வூட்டுக்காரன். பேலன்ஸுன்னா இன்னான்னு இந்த புதுப் பசங்களுக்கு தெரியாது, சொல்றேன். மூணு சக்கரம். லெஃப்ட்ல ஒடிச்சி திருப்பனா இந்தாண்ட சக்கரம் தூக்கும், வண்டி ரைட்ல கவுந்துடும். அதுக்கு பின்னாடி ஒருத்தன் லெஃப்ட் பக்கம் கம்பிய புடிச்சிகினு, தல ரோட்ட ஒரசற மாரி வெளிய சாஞ்சி தொங்கணும். ஓட்டறவன் திரும்பிப் பாக்க முடியாது இல்ல? அதுக்கு ஒரு கணக்கு. சாஞ்சிட்டா டாப்புல ரெண்டு தட்டு. டக்… டக். நான் வெளிய கீறேன், நீ திருப்புன்னு அர்த்தம். தட்டு வந்தா கண்ண மூடிகினு திருப்புவான். வரலன்னா பிரேக்குதான். உசுர அந்த ரெண்டு தட்டுலதான் வெச்சிருந்தான்க.

லெஃப்ட் வளைவு ஒண்ணு வந்துச்சி. டக்… டக்.

குட்டுவன் முழு ஆக்சிலேட்டர்ல ஒடிச்சான். வண்டி அப்படியே ரைட்ல கவுந்து தேச்சிகினே போய் கல்லுல மோதிச்சி. குட்டுவன் வெளிய பறந்து கல்லு இடுக்குல… வேணாம், அத சொல்ல மாட்டேன். நான் போய் பாக்கச்சொல்லோ தைல வாசன மட்டும் வந்துச்சி, பெட்ரோல் வாசனையோட கலந்து.

பிராங்கிளின வண்டிக்கு உள்ளேர்ந்து இழுத்தோம். முழங்கையில சின்ன சிராய்ப்பு, அவ்ளோதான். கை வழுக்கிடுச்சி, கை வழுக்கிடுச்சின்னு அழுதான். நாங்களும் நம்பிட்டோம்.

மங்கை நம்பல. குட்டுவன் பொண்டாட்டி. சாவு வூட்டுல, பொணத்துக்குப் பக்கத்துல எழுந்து நின்னு, அம்மாம் ஜனம் முன்னாடி கேட்டா.

"எம் வூட்டுக்காரு தட்டாம திருப்ப மாட்டாரு. நீ தட்டியிருக்க. தட்டனவன் வெளிய தொங்கணும். அவரு போன மாரி நீயும் பறந்திருக்கணும். உன்ன உள்ளேர்ந்து இல்ல இழுத்தாங்களாம்? உள்ள இன்னா பண்ணிகினு இருந்த?"

பிராங்கிளின் மாதா மேல சத்தியம்னான். வாய் கொழறுது அவனுக்கு. மங்கை அப்பால ஒரு கேள்வி கேக்கல, ஒரு சொட்டு கண்ணீர் வுடல. "சரி. நான் வுட்டுட்டேன். அவரு வுட மாட்டாரு"ன்னு சொல்லிட்டு குந்திட்டா.

அதோட ரேசே நாறிப்போச்சி. போலீஸ்காரன் கடலோர ரோடு பூரா தடுப்பு போட்டான். அத வுடு, அதெல்லாம் ஒரு மேட்டரா? உள்ள ஒருத்தன ஒருத்தன் நம்பல, அதான் மேட்டரு. கூடப் பொறந்தவன் இல்லன்னா பின்னாடி ஏத்த மாட்டேன்னான்க. பத்து வருசமா ஒண்ணா ஓட்டனவன்க சண்ட போட்டு பிரிஞ்சான்க. எவனும் டாப்ப தட்டறது இல்ல, தொண்ட கிழிய கத்தறதுதான். இன்னிக்கும் அப்படித்தானே செல்வம்? ஏன்னு யாருனா உனக்கு சொன்னான்களா? சொல்ல மாட்டான்க.

எட்டு மாசம் கழிச்சி, புரட்டாசியில, வள்ளூர் பக்கம் கரண்டு கம்பெனி ரோட்டுல மறுபடியும் ஆரம்பிச்சான்க. அதுல ஓட்ட வந்தது யாருன்ற? பிராங்கிளினு. இத்தினி நாளு தொங்கனவன் இப்ப ஹேண்டில் புடிக்கறான். அதுவும் பேலன்ஸு இல்லாம. பின்னாடி லெஃப்ட் ஓரமா ஒரு மணல் மூட்டைய கயித்தால கட்டி வெச்சிருக்கான். "ஏன்டா, நான் வரேன்டா, ஆள் இல்லாம எப்படிடா?"ன்னு அருள்நாதன் கேட்டான். மச்சான் கேக்கறான், சொந்த மச்சான். அவனுக்கும் மாட்டேன்னுட்டான். "எனக்கு பின்னாடி எவனும் குந்தக் கூடாது"ன்னான். அப்ப எனக்கு சுருக்குன்னுச்சி. பின்னாடி குந்தனவன் இன்னா பண்ணுவான்னு தெரிஞ்சவன்தான இப்படி பயப்படுவான்?

நானும் அருள்நாதனும் ரேசு முடியற எடத்துல நின்னுகினு இருந்தோம். மணி அஞ்சு கூட ஆவல. கரண்டு கம்பெனி சாம்பல் காத்துல பறக்குது, வாயில நறநறன்னுது. தூரத்துல சத்தம் கேட்டுச்சி… ஒரு வண்டி மட்டும். மத்தது ரொம்ப பின்னாடி.

பிராங்கிளின் வண்டிதான். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு ஓட்டு. ஆடல, அசையல. பின்னாடி லெஃப்ட்ல ஒருத்தன் தொங்கிகினு வரான், தல ரோட்டுல படுது. "கடைசியில ஆள் ஏத்திட்டான் பாரு"ன்னான் அருள்நாதன்.

வண்டி எங்களத் தாண்டி ஓரங்கட்டுச்சி. விர்ரு… விர்ருன்னு ரெண்டு தபா முறுக்கிட்டு ஆஃப் ஆச்சி. கெலிச்சா குட்டுவன் அப்படித்தான் முறுக்குவான்.

கிட்ட போனோம். டிரைவர் சீட்டுல யாரும் இல்ல… ஈரமா ஹேண்டிலு, தைல வாசன மூக்க அடைக்குது. பின்னாடி தொங்கிகினு இருந்தவன் பிராங்கிளினு. உசுரு கீது. ஆனா லெஃப்ட் பக்கம் மூஞ்சி, தோளு, இடுப்பு… ரோடு தேச்சி எடுத்துடுச்சி. கம்பிய புடிச்ச வெரல ஒண்ணொண்ணா பிரிச்சிதான் எறக்கனோம். மணல் மூட்டைய காணோம்.

ரெண்டாவதா வந்த எத்திராஜ கேட்டோம். மொத வளைவுலேர்ந்தே அவன் தொங்கிகினுதான் வந்தான், வேற எவனையும் நான் பாக்கலன்னான்.

ஆஸ்பத்திரியில மூணு நாளு இருந்தான். கட்டில்லயும் லெஃப்ட் பக்கமே சாயறான். நர்சம்மா நேரா படுக்க வெப்பாங்க, திரும்ப சாஞ்சிடுவான். ரெண்டாவது நாளு அருள்நாதன் கைய புடிச்சிகினு சொன்னான்.

"தட்டனது நான்தான் மச்சான். தட்டிட்டு உள்ள குந்திகினேன். பேரெல்லாம் அவனுக்கே போவுதேன்னு எரிச்சல். கவுந்தா மானம் போவும்னுதான் நெனச்சேன், சாவான்னு நெனைக்கல."

அப்பால வள்ளூர்ல நடந்தத சொன்னான். வளைவு வந்துச்சாம். பின்னாடி டக்… டக். திரும்பிப் பாத்தானாம், மூட்டைதான். முன்னாடி திரும்பனா கையில ஹேண்டில் இல்ல. இவன் பின் சீட்டுல கீறான். முன்னாடி காக்கி சட்ட முதுகு. "சாயிடா"ன்னுச்சாம். சாஞ்சானாம். "போதுமா குட்டுவா?"ன்னு கேட்டானாம். "இன்னும்"னுச்சாம். மூஞ்சி ரோட்டுல பட்டப்பால கதறிகினு கேட்டானாம். "இன்னும்"னுச்சாம்.

மூணாம் நாளு செத்துட்டான். பாவம்னு சொல்லத் தோணுது, சொல்ல வாய் வரல எனக்கு.

பொட்டி தூக்க ஆறு பேரு. நான் லெஃப்ட்ல முன்னாடி, எனக்குப் பின்னாடி அருள்நாதன். வூட்டுலேர்ந்தே கனம் எங்க பக்கம்தான். ரைட்ல தூக்கனவன்க சும்மா கைய வெச்சிகினு வரான்க, எங்களுக்கு தோளு எறங்குது. கல்லறத் தோட்டம் கேட்டாண்ட வந்தோம். லெஃப்ட்ல திரும்பணும். கேட்ட ஒட்டி மங்கை நிக்கறா. தனியா, கைய கட்டிகினு. அவள பாத்து எங்க காலு நின்னுடுச்சி. ஜானட் அழுகைகூட நின்னுபோச்சி.

அப்ப… ஆணி அடிச்ச பொட்டி… உள்ளேர்ந்து…

டக்… டக்.

நான் கேட்டேன். அருள்நாதன் கேட்டான், அவன் மூச்சு என் கழுத்துல பட்டுச்சி. பொட்டி உள்ள எதுவோ நகந்து லெஃப்ட் பக்கம் வந்து சாஞ்சிச்சி. எவனும் அசையல.

மங்கை மட்டும் கேட்ட வுட்டு ஒரு எட்டு நவுந்து வழி வுட்டா.

"தட்டிட்டான் இல்ல"ன்னா. "திருப்புங்க."