ஸ்டோர் கதவில் தொங்கிய துண்டு

மழை பிடித்துக்கொண்டதால் வர நேரமாகிவிட்டது சார். நாலு மைல் நடப்பதற்குள் கால் முழுக்க அட்டை. எல்லாவற்றையும் வாசலிலேயே உதறிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

தம்பி பவுல்ராஜைப் பள்ளியில் சேர்க்கிற விஷயமாக வந்திருக்கிறேன். சிலோனில் ஒரு வருஷம் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். அவனை ஐந்தாவது ஃபாரத்தில்தான் போடுவேன் என்று நேற்று அவனிடம் சொன்னீர்களாம். அப்படிச் செய்யாதீர்கள். அவன் வயதுப் பையன்களோடு ஆறாவது ஃபாரத்தில் உட்காரட்டும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான காரணம். கதவைச் சாத்த வேண்டாம் சார், திறந்தே இருக்கட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம், நானும் இதே மேஜைக்கு முன்னால்தான் நின்றேன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளார்க்காக இருக்கும் என் பெரியப்பா ஆசீர்வாதம் வீட்டில் தங்கி ஒரு வருஷம் படித்துவிட்டு வந்திருந்தேன். அவருக்குப் பிள்ளை இல்லை. எனக்கென்று ஒரு மேஜை, ஒரு கட்டில், ரயில் பாதையைப் பார்த்த ஒரு ஜன்னல் கொடுத்திருந்தார். நீங்கள் என் சர்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏசுதாஸ், அங்கே படிச்சது இங்கே திருவிதாங்கூர்ல செல்லாதுப்பா. மலையாளப் பேப்பரே எழுதலையே" என்றீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, விதி அப்படி. என்னைவிட ஒரு வயது சின்னவனான தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டில் இருந்தது ஒரே பாடப்புத்தகம். அது அவன் பெயரில் இருந்தது.

முதல் வாரம் பையன்கள் சிலோனைப் பற்றிக் கதை கேட்டார்கள். இரண்டாம் வாரம் "சிலோன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து நான் எதையாவது தப்பாகச் செய்தால், "ஒரு வருஷத்துல எல்லாத்தையும் மறந்துட்டான்டா" என்று சிரித்தார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. அதனாலும் ஒரு பிரயோஜனம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

என்னைத் திரும்ப வரவழைத்தது அப்பா. சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் அவர் ஸ்டோர்க்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். பறித்த பச்சைக் காயை ஸ்டோர் அறைக்குள் தட்டுகளில் பரப்பி, சூடு வைத்துக் காய வைக்கிற வேலை. அப்பா நல்ல மனிதர். என்னை அடித்ததே இல்லை. நான் திரும்பிய அன்று போடியிலிருந்து பஸ் வரும்வரை மழையில் காத்திருந்து, என் பெட்டியைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு வந்தவர். ஆனால் என் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுபடியும் போகிறேன் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "நீ படிச்சுக்கோ, யாரு வேண்டாம்னா? ஆனா எனக்கோ இளைப்பு. நாளைக்கு ஸ்டோரை யாருலே பாக்குறது?"

அந்த வீடு இரண்டு அறை. ராத்திரி திரும்பிப் படுத்தால் யார் மேலாவது இடிக்கும். எனக்கு மூச்சு முட்டியது சார், நிஜமாகவே முட்டியது. பெரியப்பாவுக்கு எழுதினேன். அவர் பதில் போட்டார்: "தகப்பன் இருக்கிற பிள்ளையை நான் எந்த உரிமையில் பிடித்து வைத்துக்கொள்வேன்? தகப்பனில்லாத பிள்ளை என்றால் யாரையும் கேட்காமல் இங்கேயே வைத்துக்கொண்டிருப்பேன்." ஆறுதலுக்காக எழுதியிருப்பார். நான் அதைப் பலமுறை படித்தேன்.

ஸ்டோருக்கு ஒரே கதவு. அடுப்பு வெளியே, சூட்டுக் குழாய்கள் உள்ளே. கதவு இடைவெளி விடாமல் இருக்க வெளியே இருந்து இரும்புத் தாழ் போடுவோம். கடைசிச் சூடு வைத்துத் தாழ் போட்டுவிட்டால் நாலு மணி நேரம் யாரும் திறக்கக் கூடாது, துரையே வந்தாலும். திறந்தால் காயின் பச்சை நிறம் போய்விடும். அதனால் தட்டைக் கிளறிவிட உள்ளே போகிறவர், தலைத்துண்டை அவிழ்த்துத் தாழுக்குப் பக்கத்து ஆணியில் போட்டுவிட்டுப் போவார். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது, தாழில் கை வைக்கக் கூடாது. எங்கள் தோட்டத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட இது தெரியும்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம், அப்பா தட்டைக் கிளறிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார், துண்டை இன்னும் எடுக்கவில்லை. பெண்கள் காய் நிறுக்க நிற்கும்போது, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். "அப்பா, இந்த ஆணியில எதுக்குத் துண்டு கிடக்கு? காயப் போட்டிருக்கா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சிலோனுக்குப் போனவுகளுக்கு நம்ம துண்டுகூட மறந்துபோச்சு" என்றாள் காய் நிறுக்க நின்ற சாந்தம்மாள். அப்பாதான் அதிகம் சிரித்தார். துண்டை எடுத்து என் தலையில் கட்டி, "எம் மகன் துரையாயிட்டாம்லா" என்றார். அந்தச் சிரிப்பில் துண்டு எதற்கென்று எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று கொஞ்சம் கவலைப்பட்டேன். சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழரை மணி. ஆட்களெல்லாம் மலைக்குப் போயாகிவிட்டது. தம்பி முன்னாலேயே பள்ளிக்குக் கிளம்பிவிட்டான். அப்பா துண்டை ஆணியில் போட்டுவிட்டு உள்ளே போனார். கடைசிச் சூட்டுக்கு விறகு வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவது என் வேலை. நான் தாழைப் போட்டேன். துண்டைத் தொடவில்லை. அது இருந்த இடத்தில் இருப்பதுதான் எனக்கு நல்லது. அடுப்பில் ஆறு கட்டை வைப்பது வழக்கம். ஒன்பது வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டினார். அவசரமில்லாமல் தட்டினார். "ஏலே ஏசு, நான் உள்ளதாம்லே இருக்கேன். மறந்துட்டியா?"

நான் புத்தகப் பையை எடுத்துக்கொண்டேன்.

"பயப்படாதலே, வையமாட்டேன். வந்து தொற."

அதற்கு மட்டும் கொஞ்சம் நின்றேன். அப்புறம் பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் நடந்தேன். அன்று நீங்கள் போர்டில் போட்ட கணக்கை வகுப்பிலேயே நான் ஒருவன்தான் சரியாகச் செய்தேன். நீங்கள் தட்டிக்கொடுத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

சேதி வந்ததும் என் தோளில் கை போட்டு வீடுவரை கூட்டிக்கொண்டு போனவரும் நீங்கள்தான். விசாரிக்க வந்த ஹெட் கான்ஸ்டபிளிடம், "ஒரு வருஷம் வெளிநாட்டுல இருந்த பிள்ளை, பழக்கம் விட்டுப்போச்சு" என்று எனக்காகப் பேசினீர்கள். சாந்தம்மாளும் அழுதுகொண்டே அதையேதான் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். என் அம்மா மதலேனம்மாள் ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்குத்தான் முதலில் சோறு போடுகிறாள்.

நாற்பதாம் நாள் பூசைக்குப் பெரியப்பா வந்தார். நான் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அவர் என் தலையில் கை வைத்து, "மூத்தவன் நீ. இனிமே இந்த வீட்டுக்குத் தகப்பன் நீதான்" என்று சொல்லிவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கட்டிய பெட்டியிலேயே அவன் துணியை வைத்து அனுப்பினோம். தோட்டத்து வேலைக்கு ஆள் இல்லையென்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த வாரமே துரை அப்பாவின் வேலையை எனக்குக் கொடுத்தார். இரண்டாவது சீசனும் முடிந்துவிட்டது. சூட்டிலேயே நின்று எனக்கும் இப்போது இளைப்பு வருகிறது.

தம்பியைத் திரும்ப வரவழைத்தது நான்தான். ஒரு வருஷம் போதும், இங்கே கைக்கு ஆள் வேண்டும் என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகு பார்த்தால், அப்பா எனக்கு எழுதிய கடிதத்தில் இருந்த அதே வார்த்தைகள். அவன் பாஸ்போர்ட் அதே டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சாவி என் அரைஞாணில் இருக்கிறது. அங்கே அவனுக்கும் அந்த மேஜையும் ஜன்னலும்தான் கொடுத்திருந்தார்களாம். வந்ததிலிருந்து அதிகம் பேசுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் முற்றத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். வரும் ஆகஸ்டில் மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும் என்று பேச்சு வந்தது. பவுல்ராஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான். "அண்ணே, அந்த ஆணி எதுக்கு? அதுல துண்டு ஏதோ போடுவாகள்ல, எதுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

பயந்துபோய் இதையெல்லாம் சொல்வதாக நினைக்காதீர்கள் சார். அவன் படிப்பு கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆறாவது ஃபாரம் கிடைத்தால் மனசு கொஞ்சம் ஆறும். பிறகு நீங்கள் போலீஸுக்குச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் தீர்ந்ததே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் ஒரு ராத்திரி தோன்றியது, சாவியைக்கூட அவிழ்த்தேன். ஆனால் அவனும் போய்விட்டால், நாளைக்கு ஸ்டோரை யார் பார்ப்பது சார்?